ஓரகத்தியின் மண்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் "தலையில் களிமண்ணா?" என்று திட்டினால் யாருக்கும் கோபம் வராது. சம்பளமே அதிலிருந்துதான் வருகிறது. களிமண்ணைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, கழுவி, உலர்த்தித் தருவோம். ரசாயன வினையைத் தூண்ட அமிலம் செய்கிற வேலையை அந்த மண்ணே செய்யும். தொழிற்சாலைக் கலனையும் அரிக்காது, காரியம் முடிந்ததும் வடிகட்டி எடுத்துவிடலாம்.

பதினைந்து வருடமாக இதில் கைதேர்ந்தவள் பெரியவள். கொழுந்தன் மனைவியான சின்னவளையும் அவளே சிபாரிசு செய்து வேலையில் சேர்த்துவிட்டாள். ஒரே வீடு, ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து மேசை. வினையை விலைகொடுத்து வாங்கிவிட்டாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

இந்த முறை யாருடைய மண் தொழிற்சாலைக்குத் தேர்வாகிறதோ அவரே பிரிவுப் பொறுப்பாளர். சோதனையில் பெரியவளின் மண் நூற்றுக்கு எண்பத்தொன்று விளைபொருள் தந்தது, சின்னவளுடையது தொண்ணூற்றிரண்டு. பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அரைகுறையாகக் கழுவி மண்ணிலேயே அமிலத்தை விட்டுவைத்திருப்பாள், அதுதான் இந்தத் துள்ளல் துள்ளுகிறது என்று முடிவே கட்டிவிட்டாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், சின்னவளின் மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கலக்கி வடிகட்டினாள். அதில் பேரியம் குளோரைடு இரண்டு சொட்டு. அமிலம் மிச்சமிருந்தால் பாலாகக் கலங்கும். கலங்கு, கலங்கு என்று சோதனைக்குழாயைக் கெஞ்சினாளாம். பிறகு அவளே என்னிடம் சொன்னது. கலங்கவில்லை. இன்னும் நாலு சொட்டு விட்டாள். அப்போதும் தெளிவாகவே நின்றது.

"என்னக்கா பாக்கறீங்க?"

வாசலில் சின்னவள். பெரியவள் குழாயை மறைக்கவில்லை.

"உன் மண்ணைத்தான். நல்லாத்தான் கழுவியிருக்க. அப்புறம் எப்படி தொண்ணூத்திரண்டு?"

"கழுவுறதெல்லாம் நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான். கொதிக்கவைக்கிற நேரத்தை மட்டும் பாதியாக்கிட்டேன். நாலு மணி நேரம் கொதிச்சா மண்ணோட அடுக்கே குலைஞ்சுபோகுதுக்கா."

பதினைந்து வருடமாக நாலு மணி நேரம்தான் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கிறாள். பெரியவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "போன மாசம் நீங்க சாப்பிடப் போனப்ப, உங்க மண்ணை எடுத்துச் சோதிச்சுப் பாத்தேன்."

"என் மண்ணையா? எதுக்கு?"

"வீட்டுலயும் உங்க பேரு, இங்கயும் உங்க பேரு. எனக்கு மட்டும் வயிறு எரியாதாக்கா? ஏதாவது குறை கிடைக்குமான்னுதான் தேடினேன்."

பெரியவள் கையிலிருந்த குழாயை வெளிச்சத்தில் இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தாள்.

"உனக்காவது கிடைச்சுது" என்றாள்.