கேட்காமல் கொடுத்த குதிரை

அந்தக் குதிரை இப்போது எங்கே என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். என் மனைவி மாற்றவிடமாட்டாள். நியாயம் அவள் பக்கம்தான் இருக்கிறது.

மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டின் அடிவாரத்தில் ஒரு மழைநாள் காலையில் அது தனியாக நின்றிருந்தது. பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். மேட்டிலிருந்து வழிந்து தேங்கிய தண்ணீரில் அது வாய் வைக்கப் போனதும் ரயிலை விட்டுவிட்டேன். அந்தத் தண்ணீரில் நாங்கள் ஆட்டைக்கூட வாய் வைக்கவிடமாட்டோம். அதன் முகத்தில் அறுந்து தொங்கிய கயிற்றில் என் பெல்ட்டைக் கோத்து இழுத்து வந்தேன். ஒரு கையில் குதிரை, மறு கையில் நழுவும் பேன்ட். சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லைனே வாசலுக்கு வந்து சிரித்தது.

முதுகில் சேணம் உராய்ந்த இடத்தில் முடி வெளுத்திருந்தது. பல வருஷம் ஆள் ஏறி ஓட்டிய குதிரை, முன்னங்கால் கெட்டதும் யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்றார் கால்நடை மருத்துவர். இனி சின்னப் பிள்ளைகளைச் சுமந்து மெல்ல நடக்கலாம், அவ்வளவுதான். பட்டாசு ஆகாது என்பதை நாங்களே தெரிந்துகொண்டோம். அடுத்த லைனில் யாரோ சரவெடி கொளுத்தியபோது, கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து எங்கள் சமையலறைக்குள் தலையை நுழைத்து நடுங்கியது. உடம்பு வெளியே நின்றது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அதன் நெற்றியில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றாள்.

டேங்கர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வாழும் லைன் வீட்டில் குதிரை வளர்க்க முடியாது. ஒசகோட்டை பக்கம் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தரும் ஒரு அம்மா, விஷயம் கேள்விப்பட்டு வந்தார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார், எதற்குப் பயப்படும் என்று கேட்டார். கடைசியில், "நீங்க ஒரு தடவ வந்து எங்க எடத்தப் பாத்துட்டு அப்புறம் குடுங்க. என்னால முடியலேன்னா உங்களுக்கே திருப்பிக் குடுக்கறேன்னு பேப்பர்ல எழுதிக்கலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சுரங்கம் மூடியபோது அப்பா கடைசியாகச் செய்த வேலை ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டதுதான். அன்றிலிருந்து பேப்பர் என்றாலே எனக்கு ஆகாது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் பேத்தமங்கலத்தில் நிலம் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் நந்திதுர்க் ஷாஃப்டில் ஒரே ஷிஃப்ட், சுரங்கத்துக்குள் இறக்கும் ஒரே கேஜ். எங்கள் ஊரில் அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டோம். கேட்டால் இரண்டு அப்பாக்களுக்கும் அவமரியாதை. குதிரையைத் தட்டிக்கொடுத்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சரி என்றேன்.

"எதுக்குன்னு கேளுங்க. ஒரு தடவ போயி எடத்தயாவது பாத்துட்டு வாங்க" என்றாள் மனைவி.

"ஒரே கேஜ்ல எறங்கனவங்க புள்ளைங்க நாங்க. அவராண்ட போயி இன்னான்னு கேக்கறது?" என்று கத்தினேன். குதிரையை டெம்போவில் ஏற்றும்போது அவள் இரண்டு கேரட் ஊட்டினாள். ஒசகோட்டை அம்மாவுக்குப் போன் போட்டு, எங்க ஆளுக்கே குடுத்துட்டோம் என்று பெருமையாகச் சொன்னேன்.

நாலு மாதம் கழித்து ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பேண்டு செட், சரவெடி, நடுவே ஜரிகைத் துணி போர்த்திய குதிரை. முன்னங்காலை அது இழுத்து வைத்ததில்தான் அடையாளம் தெரிந்தது. மேலே கனத்த மாப்பிள்ளை. வெடி வெடித்ததும் தெருவோர டீக்கடைக்குள் தலையை நுழைக்கப் பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

கயிற்றைப் பிடித்திருந்தவர் அவரேதான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சந்தோஷம். இன்னாண்ணா இது என்று மட்டும் கேட்டேன்.

"கல்யாணத்துக்கு வாடகைக்கு உடத்தாம்பா கூட்டினு போனேன். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. பட்டாசுக்குப் பயப்படும்னு நீயும் சொல்லலியே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வேண்டுமானால் மாப்பிள்ளை இறங்கியதும் கூட்டிக்கொண்டு போ என்றும் சொன்னார்.

ஓரமாகப் போய் ஒசகோட்டை அம்மாவுக்குப் போன் போட்டேன். அவரிடம் காலியாக இருந்த ஒரு இடத்துக்கும் போன மாதமே வேறொரு குதிரை வந்துவிட்டதாம். அவர் திட்டவில்லை. "எடத்தப் போயி பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

திரும்பி வந்து குதிரையின் நெற்றியில் கை வைத்தேன். அதன் நடுக்கம் என் தோள்வரை ஏறியது. வீட்டில் இடமில்லை, வேறு போக்கிடமும் இல்லை. உங்ககிட்டயே இருக்கட்டும்ணா, பட்டாசு மட்டும் வேணாம் என்றேன். முதல் தடவை தெரியாமல் கொடுத்தேன். இந்தத் தடவை தெரிந்தே கொடுத்தேன்.

"சரிப்பா" என்று அவர் தலையாட்டினார். அதற்குள் முன்னால் அடுத்த சரத்தைப் பற்றவைத்துவிட்டார்கள்.