நடுவில் உட்கார்ந்திருந்த தேவகி அக்கா

தேவகி அக்கா போய்விட்ட செய்தி எனக்கு ஒரு வாட்ஸ்அப் தகவலாக வந்தது. அவர் வண்டியூரில் குடியிருந்த அடுக்குமாடியின் சங்கச் செயலாளர் எழுதி, யார் யாரோ அனுப்பி, கடைசியில் என் கைபேசிக்கு வந்து சேர்ந்திருந்தது. 'அமைதியே உருவானவர், யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்ந்தவர்' என்று இருந்தது. கீழே கூப்பிய கைகளின் படம். முந்தின நாள் மாலை வரை மருத்துவமனையில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். அவருடைய தம்பி முருகேசனுக்கு என் எண் தெரியும். ஒரு போன் செய்ய அவருக்குத் தோன்றவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே அந்த வரியைத் திரும்பப் படித்தேன். துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம்.

தல்லாகுளத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேச எனக்கும் நேரம் கேட்டேன். பட்டியலில் ஆள் நிறைந்துவிட்டது என்றார்கள். அங்கே பேசியவர்களும் சங்கச் செயலாளர் சொன்னதைத்தான் வேறு சொற்களில் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன். நீதிமன்றத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்காவது அவர் யார் என்று நினைவு இருக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் சுருக்கெழுத்தர்கள். அவர் எனக்குச் சில ஆண்டுகள் மூத்தவர். ஒருமுறை ஒரு மூத்த வழக்கறிஞர், சாட்சி சொல்ல வந்த பெண்ணைப் பார்த்து ஒரு கேவலமான வார்த்தையைச் சொல்லிவிட்டார். மதியம் பதிவைப் பார்த்ததும், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தார். நீதிபதி தேவகி அக்காவைக் கேட்டார். அவர் எழுந்து நின்று, அந்த வரியை வழக்கறிஞர் சொன்ன அதே ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். பிறகு, "காதுல விழுந்தத எழுதியிருக்கேன்யா. விழாதது எதுவும் இதுல இல்ல" என்றார். அந்த வழக்கறிஞர் ஓய்வு பெறும் வரை அக்காவுக்கு வணக்கம் சொல்லவில்லை. அக்காவும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு கண்ணில் அழுத்தம் ஏறி அவருடைய பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. கணவர் முன்பே தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. சினிமா என்றால் அவருக்கு உயிர். பார்வை முழுவதும் போன பிறகும் நான் அவரைத் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். திரையில் நடப்பதைக் காதோரம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி என்னைப் பார்த்து, "கண்ணு தெரியாதவங்கள எதுக்குக்கா இங்க கூட்டிட்டு வர்றீங்க? நாங்க படம் பாக்க வேணாமா?" என்றார். சுற்றியிருந்தவர்களில் ஒருவர்கூட அவரைக் கண்டிக்கவில்லை. சிரித்தவர்கள் இருந்தார்கள். இடைவேளையில் நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

ஆட்டோவில் நான் பொருமிக்கொண்டே வந்தேன். அக்கா வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "சாந்தி, நீ சொல்லச் சொல்ல நான் ஒன்னயத்தான் கேட்டேன், படத்தக் கேக்கல. ஆனா நீ பேசாம இருந்தப்ப ஒரு மழை பேஞ்சுச்சு பாரு. அது என்னயச் சுத்திப் பேஞ்சுச்சு. முன்னாடி, பின்னாடி, தலைக்கு மேல. நான் அதுக்குள்ள இருந்தேன். அந்த மாதிரி என் வீட்டுல வைக்க முடியுமா?"

அவரிடம் ஒரு கணினி இருந்தது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்து அதை அவரே இயக்கப் பழகியிருந்தார். அதில் படம் ஓட்டி, சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கரும், அதிரும் அடியொலிக்கு ஒரு பேஸ் பெட்டியும் வைப்பது என்று முடிவாயிற்று. முருகேசன் கேள்விப்பட்டு போனில் சொன்னதை அக்கா எனக்கு அப்படியே சொன்னார்: "கண்ணு போன வீட்டுல எதுக்குக்கா சினிமா? கந்த சஷ்டி கேக்க ஒரு சின்ன ரேடியோ பத்தாதா?" பார்வை போனவள் பக்திப் பாட்டோடு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று எத்தனை பேர் முடிவு செய்து வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடையிலிருந்து மாட்டித்தர வந்தவர் எல்லா ஸ்பீக்கர்களையும் கணினி மேசையிலேயே வரிசையாக அடுக்கினார். இரண்டு பின்னால் வர வேண்டாமா என்று கேட்டேன். "பின்னாடி கொண்டுபோனா வயர் தெரியும்க்கா. பாக்க அசிங்கமா இருக்கும்" என்றார். அக்கா அமைதியாக, "யாருக்குத் தெரியும் தம்பி?" என்று கேட்டார். அவர் கருவிப் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மிச்ச வேலையை நாங்களே செய்தோம். அக்காவின் நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டோம். முன்னால் இரண்டு, பேச்சுக் குரலுக்காக நேர் எதிரே ஒன்று, முதுகுக்குப் பின்னால் இரு பக்கமும் இரண்டு. கணினியில் சாதாரண இரண்டு ஸ்பீக்கருக்கான அமைப்பே இருந்தது. அதை மாற்றினால்தான் மற்றவை பேசும் என்று அக்காதான் கண்டுபிடித்தார். கணினியின் பின்பக்கம் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று துளைகள். மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய் நான்தான் செருகினேன். படத்தைப் போட்டதும் அக்கா திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினார். "ஏ சாந்தி, பேசுறவன் என் முதுகுக்குப் பின்னாடி நின்னுல்ல பேசுறான்" என்றார். பின்னால் இருப்பவற்றுக்கான கறுப்பையும் பேச்சுக் குரலுக்கான ஆரஞ்சையும் மாற்றிச் செருகியிருந்தேன். "கண்ணு தெரிஞ்சவ சொருகுன லட்சணமா இது?" என்று அவர் சிரித்த சிரிப்பில் நானும் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

சரியாகச் செருகிய பிறகு அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒரு கதவு இடப்பக்கம் திறந்தது. காலடிகள் அவரைத் தாண்டிப் பின்னால் போயின. அவர் கை நாற்காலியின் பிடியை விட்டு மெல்ல எழுந்து, அந்தக் காலடிகளின் பின்னால் போயிற்று. "வெளிய போறா. கோவத்துல போறா" என்றார். அன்றிலிருந்து அவர்தான் எனக்குப் படம் சொன்னார். எல்லாம் சரியாகச் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை கதாநாயகன் செத்துவிட்டான் என்று கண் கலங்கினார், அவன் சோபாவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் சொன்னதும், "சொல்லிட்டுத் தூங்குறதுக்கென்ன?" என்று அவனைத் திட்டினார்.

பிறகு புகார்கள் தொடங்கின. கீழ்வீட்டில் தரை அதிர்கிறது என்றார்கள். அக்கா பேஸ் பெட்டிக்கு அடியில் தென்னை நார் மிதியடியை மடித்து வைத்தார், ஒலியைக் குறைத்தார், பகலில் மட்டுமே படம் போட்டார். அப்படியும் சங்கக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். நானும் உடன் போனேன். தெருவில் திருவிழா என்றால் நாள் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் அலறும். அதற்கு முன்னின்று ஏற்பாடு செய்யும் அதே செயலாளர் என்னிடம் கேட்டார்: "அந்த அம்மாவுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் குடுத்தா என்ன?"

அக்காதான் பதில் சொன்னார். "ஹெட்போன் போட்டா எல்லாரும் என் தலைக்குள்ள நிக்கிறாங்க சார். நெருக்கமா இருக்கு. எனக்கு அவங்க என் வீட்டுல நிக்கணும்." செயலாளர் புரியாமல் சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

அந்த மழைக்காலத்தில் அக்கா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவர் மருத்துவமனையில் இருந்தபோது செயலாளர் அந்தச் சத்தத்தைப் பற்றி முருகேசனிடம் பேசியிருக்கிறார். முருகேசன் வந்து ஸ்பீக்கர்கள் அத்தனையையும் கழற்றிக் கொட்டாம்பட்டியில் உள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு திரும்பியதும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கணினியை இயக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு, ஸ்பீக்கர் இருந்த ஒவ்வொரு இடமாகப் போய்க் கையை வைத்துப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

"எனக்குப் படி எறங்க முடிஞ்சதும் ஒரு கார் புடி" என்றார்.

அப்படித்தான் ஊன்றுகோலோடு அவரை மேலூர் வழியாகக் கொட்டாம்பட்டிக்குக் கூட்டிப்போனேன். முருகேசன் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டது. அக்கா நின்றார். "அஞ்சு பேரையும் ஒரே பெஞ்சுல உக்கார வச்சிருக்கான்" என்றார். உள்ளே போய்ப் பார்த்தேன். டிவி அலமாரிக்கு மேல் ஐந்தும் பொம்மைகள் போல வரிசையாக இருந்தன.

முருகேசன் என்னிடம் திரும்பி, "நீங்களாச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா? இந்த ஒடம்போட அவங்க எம்புட்டு தூரம் வந்திருக்காங்க" என்றார்.

"முருகேசா, என்கிட்ட பேசு" என்றார் அக்கா. "நான் செத்துட்டேன்னு யாரு ஒனக்குச் சொன்னது?"

"அக்கா, ஒன் நல்லதுக்குத்தான..."

"என் நல்லது எனக்குத் தெரியும். ப்ளக்கக் கழட்டு. வயரச் சுத்தி வை. ஒரு வயர் கொறஞ்சாலும் எனக்குத் தெரியும்."

முருகேசனின் மனைவி காபி கொண்டுவந்தார். அக்கா அதை வாங்கி நிதானமாகக் குடித்தார். தம்பி வேர்த்து விறுவிறுத்து ஒவ்வொன்றாகக் காரில் ஏற்றி முடிக்கும்வரை இருந்துவிட்டு, "வாரேன்" என்று சொல்லி எழுந்தார். அன்று மாலையே எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தோம். கறுப்பையும் ஆரஞ்சையும் இம்முறை சரியாகச் செருகினேன்.

அதன்பின் அவருக்குக் கிடைத்தது கொஞ்ச காலம்தான். இதயம் பலவீனமாகி மறுபடி மருத்துவமனையில் சேர்த்தோம். இப்போது அந்த ஸ்பீக்கர்கள் யார் வீட்டு அலமாரியில் இருக்கின்றன என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். போய்க் கேட்கவேண்டியவர் இப்போது இல்லை. அவ்வளவுதான்.

கடைசி நாள் மாலை மருத்துவர் வந்தார். இளம் வயது. கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் முருகேசன். "நைட் தூங்கினாங்களா? மூச்சு வாங்குதுன்னு சொல்றாங்களா? இவங்களுக்குச் சாப்பாடு இறங்குதா?" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிக் கேட்டார். நானும் பதில் சொல்லத் தொடங்கியிருந்தேன். அக்கா கையை லேசாக உயர்த்தினார்.

"டாக்டர், நான் நடுவுல இருக்கேன்" என்றார். "என்கிட்ட கேளுங்க."

மருத்துவர் தடுமாறிப்போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவரிடமே பேசினார். அக்கா எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். தனக்கு எவ்வளவு நாள் இருக்கும் என்று திருப்பிக் கேட்கவும் செய்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது 'என்கிட்ட கேளுங்க' என்ற அந்தக் கோபத்தைத்தான். போன வாரம் தல்லாகுளத்தில் ஒரு வங்கியில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், அதைத் தள்ளிக்கொண்டு அவர் மகள். கவுன்ட்டரில் இருந்தவர் மகளைப் பார்த்து, "இவருக்கு என்னம்மா வேணும்?" என்றார்.

"அவர் அங்கதான இருக்காரு. அவர்கிட்ட கேளுங்க" என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. பெரியவர் கைத்தடியை மடியில் வைத்துவிட்டு, தனக்கு வேண்டியதைச் சொல்லத் தொடங்கினார்.