களப்பில் நட்ட குழாய்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் எங்கள் ஊர்க் களப்பின் கரைக்கு மனிதன் போகக் கூடாது. குர்பான் கொடுத்த ஆடுமாடுகளின் கழிவைக் குழி தோண்டிப் புதைக்கும்படி பள்ளிவாசலில் அறிவித்திருந்தார்கள். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள்தான் பைபையாகக் கொண்டுவந்து எறிந்திருந்தார்கள். வெடித்துக் குடல் பிதுங்கிய பைகள், தோல், குளம்பு. அவற்றின்மேல் காகங்கள்.

மகளுக்குத் துணையாகப் போனேன். அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன மாரி மழைக்கு முன்னர் களப்புக்குள் ஒரு கம்பை நட்டு, வாய் திறந்த வெள்ளைக் குழாயொன்றை அதில் கட்டியிருந்தாள். வெள்ளத்தோடு வரும் சேறும், தண்ணீரில் வாழ்ந்து சாகும் பொடி உயிர்களின் ஓடுகளும் அதற்குள் படியும். மழை குறைந்தால் களப்பில் உப்பு ஏறும். அந்த ஏற்ற இறக்கம் ஓடுகளில் பதிந்துவிடும். ஆழத்தில் புதைந்த பழைய ஓடுகளைச் சோதித்து எந்தக் காலத்தில் மழை பொய்த்தது என்று அறியலாமாம். ஆனால் நாம் கண்ணால் கண்ட ஒரு மாரி எப்படிப் பதிகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்தக் குழாய். விடுமுறை முடிந்து திரும்பும்போது அவள் அதைக் கொண்டுபோக வேண்டும்.

கம்பைச் சுற்றிக் கட்டிய பைகள் குழாயின் வாய்க்கு மேலேயே தொங்கின. மகள் இறங்கினாள். கம்பைப் பிடுங்கித் திரும்பும்போது ஒரு கால் தொடைவரை புதைந்தது. மற்றக் காலும் போனது.

"வாப்பா!"

கட்டியிருந்த சாரனோடு குதித்தேன். சேறு அவளை விட மறுத்தது. எப்படி இழுத்தேன் என்று தெரியாது. அவள் குழாயை நிமிர்த்திப் பிடித்த கையை விடவில்லை. கரையில் விழுந்தபோது என் வாய்க்குள்ளும் அந்தத் தண்ணீர் போயிருந்தது.

கோழிக்கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு பையோடு நின்றார். நான் வாத்தியார் என்பதால் அவருக்கு எப்போதும் 'சேர்'தான்.

"என்ன சேர், குளிக்கிறதுக்கு வேற இடம் கிடைக்கல்லியா?"

"இந்தப் பையெல்லாம் ஆர் கட்டின?" என்றேன்.

"நான்தான். சும்மா எறிஞ்சா காத்துக்கு என்ட வாசலுக்கே திரும்பி வருது. ஆரோ புண்ணியவான் கம்பொண்டு நட்டிருக்கான். அதில கட்டினா அசையாது."

"அது என்ட கம்பு மாமா," என்றாள் மகள்.

"உன்டயா? முதலே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு நடச் சொல்லியிருப்பனே மகள்!"

எனக்குக் கெட்ட வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மகள் குழாயை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி கேட்டாள்:

"பெருநாளுக்கு மட்டும்தானே கட்டின?"

ஏன் கேட்டாள் என்பது எனக்கு விளங்கியது. அப்படியென்றால் குழாயில் மேலே படிந்ததை மட்டும் எடுத்து எறிந்துவிட்டு அடியிலுள்ள மாரியைக் காப்பாற்றலாம்.

"இல்ல மகள். மாரி தொடங்கின நாளில இருந்து கடைக் கழிவும் இதிலதான்."

அவள் குழாயைச் சரித்தாள். இறகும் கொழுப்பும் கறுத்த கூழும் வழிந்தன. அழுகிய முட்டை நாற்றம். நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். அவர் அனுதாபத்தோடு என் முதுகைத் தடவினார், அதே கையால்.

பின்னேரம் அவர் வீட்டிலிருந்து குர்பான் இறைச்சி வந்தது. அதைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. மனைவி வாங்கிக் கறி ஆக்கினாள். சவர்க்காரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய விரல்களை மூக்கருகே கொண்டுபோக முடியவில்லை. சோற்றில் கை வைக்காமல் எழும்பினேன். மகள் தின்றுகொண்டே கணக்குப் போட்டாள்.

"வாற மாரிக்கு முதல் இன்னும் உள்ளுக்கு நடணும் வாப்பா. ஆருக்கும் எட்டாத இடத்தில."

உள்ளே போகப் போகச் சேறு ஆழம். போகாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கொடியில் காய்ந்த அவள் காற்சட்டையில் சேற்றுக் கோடு தொடையளவில் இன்னும் இருந்தது. தடுத்தால் தனியாகப் போவாள்.

"நான் உன்ட இடுப்பில கயிறு கட்டித்தான் இறக்குவன்," என்றேன். "முடிச்சும் நான்தான் போடுவன்."



"ஓம் வாப்பா," என்று சொல்லிவிட்டு அவள் இன்னும் கொஞ்சம் கறி கேட்டாள்.