கடைசி போர்ட்டில் வாசல் கேமரா

நெட்வொர்க் வேலை பார்ப்பவனிடம் எல்லாரும் 'இன்டர்நெட் ஏன் ஸ்லோ?' என்றுதான் கேட்பார்கள். கரண்ட்டைப் பங்கு பிரித்துக் கொடுப்பதும் எங்கள் பிழைப்பு என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரே பிளக்கில் மிக்சியையும் அயர்ன் பாக்சையும் சொருகி வீட்டில் திட்டு வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே ஜாதி.

காலி ஓட்டைகள்

மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனி. கேமரா, போன், வைஃபை பெட்டி எல்லாவற்றுக்கும் நெட்வொர்க் வயரிலேயே கரண்ட்டும் போகிற மாதிரி அங்கே ஒரு பி.ஓ.இ. ஸ்விட்ச் மாட்டியிருந்தேன். வயர் சொருக மொத்தம் இருபத்து நாலு போர்ட். ஆனால் அது தரும் கரண்ட்டுக்கு ஓர் அளவு உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் கூடுதலாகக் கேட்டால் பத்தாது.

போன மாதம் அட்மின் மேனேஜர் இன்னும் நாலு வைஃபை பெட்டி வேண்டும் என்றார். கரண்ட் தாங்காது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஸ்விட்ச் முன்னால் குனிந்து விரல் விட்டு எண்ணினார். "நடுவுல நாலு ஓட்டை சும்மாதானே கெடக்குது? மாட்டுப்பா!"

முனிராஜ் வந்தால் போகிறது

மாட்டிய பத்து நாளில் போன் வந்தது. பொழுது சாய்ந்தால் வாசல் கேமரா அணைகிறது, விடிந்தால் வருகிறது. தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் வாட்ச்மேன் முனிராஜும் ஆறரைக்கு டியூட்டி ஏறி, விடிந்ததும் பஸ் பிடிக்கிறவர். தூங்குவதற்காக அவர்தான் வயரைப் பிடுங்குகிறார் என்று மேனேஜர் முடிவே கட்டிவிட்டார். சனிக்கிழமையோடு அவருக்கு வேலை கிடையாது என்றார்.

வயரைப் பார்த்தேன், கீறல்கூட இல்லை. எனக்குத் தலைக்குள் குடைய ஆரம்பித்துவிட்டது. முனிராஜிடமே கேட்டேன். அவர் மெல்லச் சொன்னார்: "போன வாரம் பகல் டூட்டியும் பாத்தனுங்க. மத்தியானம் மேகம் கட்டுச்சு பாருங்க, அப்பவும் கேமரா போயிருச்சுங்க சார்."

வெயிலில் ஓர் இருட்டு

மேகம் என்றதும் பொறி தட்டியது. இருட்டினால் ஒவ்வொரு கேமராவும் தனக்குள் ஒரு விளக்கைப் போட்டுக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாது, கரண்ட்டை மட்டும் இழுக்கும். ஏற்கெனவே புது வைஃபை பெட்டிகள் வேறு இழுக்கின்றன. மறுநாள் சுள்ளென்ற வெயிலில் மேனேஜரையும் முனிராஜையும் மானிட்டர் முன்னால் நிறுத்திவிட்டு, மற்ற கேமராக்களைக் கறுப்புத் துணியால் ஒவ்வொன்றாக மூடினேன். ஒன்பதாவதை மூடியதும் வாசல் அணைந்தது. முனிராஜ் கையைக் கட்டிக்கொண்டு மேனேஜர் பக்கத்திலேயேதான் நின்றார்.

கரண்ட் பத்தாதபோது அந்த ஸ்விட்ச் கடைசி நம்பர் போர்ட்டைத்தான் முதலில் கழற்றிவிடும். வாசலைக் கடைசியில் மாட்டியது யார்? நான்தான். முதல் போர்ட் எம்.டி. அறை, அடுத்து மேனேஜர்கள், அப்புறம் ஆபீஸ், கடைசியில் கேட். யாரும் சொல்லவில்லை, கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிற மாதிரி பதவி வாரியாக நானே மாட்டியிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. "தப்பு என்னுதுங்க சார்" என்று மேனேஜரிடம் ஒப்புக்கொண்டேன். வாசலுக்கு முதல் உரிமை கொடுத்து, மீட்டிங் அறை வைஃபையைக் கடைசிக்குத் தள்ளினேன்.

மேனேஜர் முனிராஜைப் பார்க்காமலே, "எப்பவும் போல வந்துருப்பா" என்று நகர்ந்தார். முனிராஜ் ஸ்விட்சைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மெசினுக்குங்கூட கேட்டுல நிக்கறவன்தான் கடைசிங்களா சார்?"

அன்றிலிருந்து எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதல் போர்ட்டில் வாசலைத்தான் மாட்டுகிறேன். இதுவரை எந்த எம்.டி.யும் தன் அறை எத்தனாவது என்று குனிந்து எண்ணிப் பார்க்கவில்லை.