ஆயிரம் வாட் என்று எழுதிய பெட்டி

மல்லாவிச் சந்தைக்குப் பின்வீதியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் தர்மிளாவுக்குக் கோபம் வருவது குறைவு. வந்தாலும் குரல் உயராது. சொற்கள் மட்டும் எண்ணி எண்ணி விழும்.

தகப்பன் வீரபாகு எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, துணுக்காயில் காடு வெட்டிக் குடியேறியவர். தர்மிளா பிறந்தது, படித்தது, இடம்பெயர்ந்தது, திரும்பி வந்தது எல்லாம் வன்னிக்குள்தான். ஆனாலும் சிலருக்கு அவள் இன்னும் 'தோட்டத்துப் பிள்ளை'.

கலியாண வீடியோ எடுக்கும் தயாபரனுக்குக் கனடாவிலிருந்து தமையன் இரண்டு பெரிய கிராஃபிக்ஸ் கார்ட்கள் அனுப்பியிருந்தார். இரண்டையும் ஒரே கணினியில் பூட்டினால் வீடியோ வேலை வெகு கெதியில் முடியும். பூட்டிக்கொடுக்கத் தர்மிளா ஒப்புக்கொண்டாள்.

"ஒரு கார்ட் முந்நூற்றைம்பது வாட் இழுக்கும் அண்ணை. மற்றச் சாமான்களுக்கு இன்னுமொரு இருநூற்றைம்பது. நல்லதாப் பாத்து ஆயிரத்து இருநூறு வாட் பவர் சப்ளை வாங்குங்கோ" என்று சொல்லி, ஒரு துண்டிலும் எழுதிக் கொடுத்தாள்.

அவர் கொழும்பில் மலிவாக ஒன்றை வாங்கி வந்தார். பெட்டியில் கொட்டை எழுத்தில் 'ஆயிரம்'. தர்மிளா உள்ளே இருந்ததை எடுத்து அதில் ஒட்டியிருந்த தாளை வாசித்தாள். பொடி எழுத்தில், பன்னிரண்டு வோல்ட் வழிக்கு ஐம்பத்துநான்கு அம்பியர் என்று இருந்தது. கார்ட்கள் மின்சாரம் எடுப்பது அந்த வழியால்தான். பெருக்கினால் அறுநூற்று நாற்பத்தெட்டு வாட். கார்ட் இரண்டுக்கே எழுநூறு வேண்டும்.

"இது ஒண்டைத்தான் தாங்கும். மற்றதைப் பூட்டாதேங்கோ" என்று சொல்லி, ஒன்றை மட்டும் பூட்டி, இரண்டாவது கார்டை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் தயாபரன் கணினியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கருகல் மணம். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"என்ன வேலை செய்து வச்சிருக்கிறாய்? முள்ளியவளைக் கலியாண வீடியோ பாதியில நிக்குது. தோட்டத்து ஆக்களிட்டக் கொம்பியூட்டரைக் குடுத்தது என்ர பிழை!"

தர்மிளா மூடியைக் கழற்றினாள். இரண்டாவது கார்ட் உள்ளே இருந்தது. அதன் வயர் செருகிய இடம் உருகிப்போயிருந்தது.

"பூட்டாதேங்கோ எண்டனான். ஆர் பூட்டினது?"

"ஆயிரம் எண்டு போட்டிருக்குத்தானே!"

அவள் தாளிலிருந்ததை உரத்து வாசித்து, கல்குலேற்றரில் பெருக்கிக் காட்டினாள். பிரிண்டர் திருத்த வந்திருந்த மீனம்மா ரீச்சர் எட்டிப் பார்த்து, "சரியாத்தானே சொல்லுது பிள்ளை" என்றார். தயாபரன் திரும்பியும் பார்க்கவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போனார்.

ஐந்தாம் நாள் ஆயிரத்து இருநூறு வாட் பவர் சப்ளை ஒன்றோடு திரும்பி வந்தார்.

"வவுனியாவில ஒரு பொடியன் பாத்தவன். சப்ளை காணாதாம், இதைவிடப் பெரிசு வேணுமாம். அவனுக்கு இந்தக் கிழமை நேரமில்லை. நீயே பூட்டித் தா."

அப்போதுதான் தர்மிளாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வசை அவள் சின்ன வயதிலிருந்தே கேட்டுப் பழகியது. ஆனால் அதே கணக்கு, அவள் வாயால் வந்தால் பொய், வவுனியாப் பொடியன் வாயால் வந்தால் உண்மையா?

"அங்க போனவுடன கணக்கு மாறினதோ அண்ணை?"

அவர் புதுச் சப்ளையை மேசையில் வைத்தார்.

"பூட்டித் தாறன். ஆனா ஆக்களுக்கு முன்னால சொன்னதை ஆக்களுக்கு முன்னாலயே திருப்பி எடுங்கோ."

"விடு பிள்ளை, கோவத்தில வந்த கதை."

"மனசில இல்லாதது கோவத்தில வராது."

அன்றும் கடையில் மூன்று பேர் நின்றார்கள். தயாபரன் நிலத்தைப் பார்த்தார். "பிள்ளை சரியாத்தான் சொன்னது. நான்தான் பிழை."

"எது பிழை?"

"தோட்டத்து ஆக்கள் எண்டு சொன்னது... அது பிழை."

அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உருகிய முனையை மாற்றி, ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி வயர் கொடுத்தாள். இரண்டும் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடின. கணினி நிற்கவில்லை.

அவர் போனதும், பழைய சப்ளையை விற்ற கொழும்புக் கடைக்குத் தொலைபேசி எடுத்து, பெட்டியில் ஏன் ஆயிரம் என்று போட்டிருக்கிறது என்று கேட்டாள். "எல்லாரும் அப்பிடித்தான் போடுறது அக்கா" என்று சிரித்தான் ஒருவன். அன்றே, அவர் விட்டுப்போன பழைய சப்ளையின் தாளைப் படமெடுத்து, பாவனையாளர் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதி அனுப்பினாள். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. போன திங்கட்கிழமை, இன்னும் கடுமையாக, இரண்டாவது முறைப்பாட்டை எழுதி அனுப்பியிருக்கிறாள்.