அக்காவின் பாஸ்வேர்டு

எதற்கெடுத்தாலும் பாஸ்வேர்டு கேட்கும் காலம் இது. கேஸ் சிலிண்டருக்கு ஒன்று, கரண்ட் பில்லுக்கு ஒன்று, மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. அடித்து அடித்து அலுத்துவிட்டது. எழுத்துகள் கறுப்புப் புள்ளிகளாக விழும்போதெல்லாம் எனக்கு அந்த ஆயுத பூஜைதான் ஞாபகம் வரும்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. பாகூர் பக்கம் எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். பி.காம். முடித்திருந்த அக்காவுக்காக வில்லியனூர் மாமா யாரோ விற்றதை வாங்கிக் கொடுத்திருந்தார். அக்கா எனக்குச் சின்னச் சின்ன வித்தைகள் சொல்லிக்கொடுத்தாள். திரையில் ரோஜாப்பூ படம் வைப்பது, சும்மா இருக்கும்போது என் பெயர் ஓடும்படி செய்வது, பாஸ்வேர்டு போடுவது, ஒரு ஃபோல்டரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது, மறைத்ததைத் திரும்பக் கொண்டுவருவது. "யாராண்டயும் சொல்லாதடி" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. செய்து காட்டினேன், அவ்வளவுதான்.

பூஜையன்று அப்பா போர் மோட்டார், மண்வெட்டி, வண்டி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். படைத்து முடித்ததும் மோட்டாரையும் வண்டியையும் ஒருமுறை ஓடவிட்டு நிறுத்துவது எங்கள் வழக்கம். கம்ப்யூட்டரும் ஓட வேண்டும் என்றார். மாமா சுவிட்சைப் போட்டார். அது பாஸ்வேர்டு கேட்டது.

அக்கா அன்றைக்கு வீட்டுக்குத் தூரம். பின்கட்டு அறையில் தனியாக இருந்தாள். பூஜை நடக்கும் கூடத்துக்கு வரக்கூடாது.

"இன்னாமா அது, சொல்லு, நான் அடிக்கிறேன்" என்று மாமா குரல் கொடுத்தார்.

"நாளைக்குப் போட்டுக்கலாம் மாமா."

"கற்பூரம் காட்டியாச்சு, நாளைக்காம்" என்றார் அப்பா. "அப்படி இன்னா கஜானாவ வெச்சிக்கிறா உள்ள?"

எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. பேசாமல் போய் அடித்தேன். ரோஜாப்பூ வந்தது.

"பாருடா, இந்த ஊமைக்கு எல்லாம் தெரிஞ்சிக்கிது" என்று மாமா சிரித்தார். அதுவரை என்னை யாரும் புகழ்ந்ததில்லை. இன்னொன்றும் செய்து காட்டலாம் என்று தோன்றியது. இரண்டு மூன்று இடத்தில் சொடுக்கினேன். ரோஜாப்பூவின் மேல் மங்கலாக ஒரு ஃபோல்டர் வந்து நின்றது.

மாமா அதைத் திறந்து, இங்கிலீஷில் இருந்த கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். சென்னையில் ஒரு கம்பெனிக்கு அக்கா எழுதியது. வேலை கொடுத்ததற்கு நன்றி, திங்கட்கிழமை வந்து சேர்கிறேன் என்றிருந்தது. மண்ணாடிப்பட்டுப் பக்கம் அவளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

அப்பா வயரைப் பிடுங்கினார். சாத்தியிருந்த பூவோடு சேர்த்துத் திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டார். "எல்லாருக்கும் பொரி குடு" என்றார் அம்மாவிடம்.

அந்தத் திங்கட்கிழமை அக்கா எங்கேயும் போகவில்லை. தையில் மண்ணாடிப்பட்டுக்குப் போனாள்.

பூஜையன்று சாயங்காலம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அவளுக்கு வயிற்று வலி வரும். வெந்நீர் கொண்டுபோய் வாசற்படியில் வைத்தேன்.

"தொறந்து காட்டுனது நீயாடி?"

"ஆமாக்கா. நீ சொல்லிக்குடுத்த மாதிரியே வந்துச்சு."

எழுந்து வாசற்படிக்கு வந்தாள். டம்ளரை எடுத்து முழுவதும் குடித்தாள். இனி வலி விட்டுவிடும் என்று நான் விளையாடப் போனேன்.