என் தங்கையும் செங்கல் நிற ஸ்டூலும்

என் தங்கை எந்த முடிவையும் உட்கார்ந்து யோசித்துத்தான் எடுப்பாள். வேலைக்குப் போன இடத்தில் அதற்கு வழியில்லை. அங்கே உட்கார எதுவுமே கிடையாது.

அது ஒரு சலவைக் கம்பெனி. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பைச் சூடான உருளைகளுக்கு நடுவே ஒரு பக்கம் விட்டால், மறுபக்கம் காகிதம் போல விறைப்பாக வெளியே வரும். அதை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு நுனியில் பிடித்து மடிக்க வேண்டும். இடது நுனி என் தங்கை. வலது நுனி பிடிக்கிறவளுக்கு வாய் ஓயாது. அதனால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். தங்கை மடித்தால் மூலையும் மூலையும் ஒரு நூல்கூடப் பிசகாது. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் போய் அளந்து பார்க்கலாம்.

காலையிலிருந்து மாலை வரை நின்று நின்று அவள் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது.

"அப்பப்ப உட்காரணும்மா. இல்லேன்னா இந்த வேலையை விட்டுடுங்க" என்றார் டாக்டர்.

வேலையை விட்டால் மகளின் நர்ஸ் படிப்பு பாதியில் நின்றுவிடும். அதனால் தங்கை மேனேஜரிடம் ஒரு ஸ்டூல் கேட்டாள். "பார்க்கலாம்" என்றார். அடுத்த வருஷமும் கேட்டாள். "பார்க்கலாம்" என்றார். பார்த்துப் பார்த்து அவருக்குக் கண்ணாடிகூட மாற்ற வேண்டியதாயிற்று; ஸ்டூல் மட்டும் கண்ணில் படவில்லை.

இப்படி இருக்கும்போது எதிரே டீக்கடை வாசலில் தொழிலாளர் சங்கத்து ஆள் ஒருவர் வந்து நிற்க ஆரம்பித்தார். சங்கத்தில் சேரச் சொல்லி ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்தார். எல்லோரும் வாங்கி, சின்னதாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். மடிப்பதுதானே தொழில்.

மறுநாளே பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. அதுவரை உள்ளே போகிறவள் வெளியே வரும்வரை பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வாரமே, செத்துப்போனது என்று எல்லோரும் நம்பியிருந்த மின்விசிறி எழுந்து சுற்றியது. மேனேஜர் எல்லோரையும் கூட்டி, "நாமெல்லாம் ஒரே குடும்பம். நடுவுல வெளியாள் எதுக்கு?" என்று உருகினார்.

"குடும்பம்னா கம்பெனியில என் பங்கு எவ்வளவு சார் வரும்?" என்று கேட்டாள் ரேடியோ. மேனேஜருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

பிறகு தங்கையைத் தனியாகக் கூப்பிட்டார். நாலு பேர் மதிக்கிற ஆள் அவள். அவள் சேராவிட்டால் மற்றவர்களும் சேர மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

"உங்களுக்கு என்னம்மா குறை? மனசு விட்டுச் சொல்லுங்க."

"ஸ்டூல் சார்."

"அட, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

சாயங்காலத்துக்குள் ஸ்டூல் வந்தது. ஒரே ஒரு ஸ்டூல். கம்பெனியில் அதைச் சிவப்பு என்பார்கள். சிவப்பு இல்லை, செங்கல் நிறம்.

"வாங்க மகாராணி, சிம்மாசனம் ஆடாம இருக்கா?" என்றாள் ரேடியோ.

"நீயும் கொஞ்சம் உட்காரேன்டி."

"எனக்கு வேணாம்மா. உட்கார்ந்தா நானும் மேனேஜர் குடும்பத்துல சேர்ந்துடுவேன்."

அன்று வீட்டில் என் தையல் மிஷின் பலகைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தங்கை யோசித்தாள்.

"சங்கத்துல சேரப் போறியா?" என்று கேட்டேன்.

"அவசரப்படாதே அக்கா. சேராததுக்கே இவ்வளவு வந்திருக்கு. சேரலாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தா இன்னும் வரும்."

எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு மூளை வேறு யாருக்கும் இல்லை. இதை அவள் ரேடியோவிடம் சொன்னாள். மதியத்துக்குள் அது கம்பெனி முழுவதற்கும் கொள்கை ஆகிவிட்டது. மேனேஜர் கேட்டாலும் சங்கத்து ஆள் கேட்டாலும் "யோசிக்கிறோம்" என்றார்கள். யோசிக்க யோசிக்க, கைகழுவச் சோப்பு வந்தது. குடிக்க நல்ல தண்ணீர் வந்தது.

"எப்பம்மா முடிவு சொல்வீங்க?" என்றார் சங்கத்து ஆள் பாவமாக.

"நீங்க தினமும் இங்க வந்து நில்லுங்க அண்ணே, அதுவே போதும்" என்றாள் தங்கை.

கெடுத்தது ரேடியோதான். மேனேஜரின் டிரைவரிடம் பெருமை பேசப் போய், "சேரவெல்லாம் மாட்டோம். சும்மா யோசிப்போம்" என்று ஒலிபரப்பிவிட்டாள். மறுநாள் மின்விசிறி மறுபடி செத்தது. சோப்பைக் காணோம். ஸ்டூலையும் காணோம். தாழ்ப்பாளை மட்டும் விட்டுவைத்தார்கள். சூப்பர்வைசரம்மாவும் அந்தக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும்.

மதியத்துக்குள் தங்கையின் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. வெறுங்காலோடு மேனேஜர் அறைக்குப் போனாள். ஸ்டூல் அங்கேதான் இருந்தது. அதன்மேல் ஒரு பூந்தொட்டி சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

"சார், ஸ்டூல்..."

"பார்க்கலாம்மா."

தங்கை தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு துளி மண் சிந்தாமல் அவர் மேஜை நடுவில் வைத்தாள். "நாற்காலி நீங்களே வெச்சுக்குங்க சார், இது எனக்குப் போதும்" என்று ஸ்டூலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

"எங்கடி போற?" என்று கத்தினாள் ரேடியோ.

"உட்கார."

தெருவைக் கடந்து, சங்கத்து ஆள் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "என் பேரை எழுதுங்க அண்ணே. பிரியப்பட்டா கொடுப்பாரு, கோபம் வந்தா எடுத்துக்குவாருன்னா அது எனக்கு வேணாம்."

பின்னாலேயே ரேடியோ ஓடி வந்தாள். "என் வாயாலதான் போச்சு. என் பேரை ரெண்டாவதா போடுங்க."

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகும் எழுந்திருக்க மனசு வரவில்லை. வேலை நேரத்தில் உட்காருவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. உள்ளே, பிடிக்க ஆளில்லாமல் விரிப்புகள் உருளையிலிருந்து வந்து தரையில் குவிந்தன. எல்லோரையும் ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பிவிட்டால் யார் மடிப்பது? மேனேஜருக்கு மடிக்கத் தெரியாது.

சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். முன்னால் தலைவர்களுக்கு நாற்காலிகள். தலைவர் தொழிலாளர் உரிமையைப் பற்றி விலாவாரியாகப் பேசினார். அதை நின்றபடியே கேட்டார்கள் பெண்கள். தங்கை கையைத் தூக்கினாள்.

"அண்ணே, நாங்க உட்கார எதுவும் இல்லையா?"

"அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்மா."

கூட்டமே கொல்லென்று சிரித்தது. தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அண்ணே, எங்க மேனேஜர் அந்த வார்த்தையைச் சொன்ன அன்னைக்குத்தான் நாங்க இங்க வந்து சேர்ந்தோம்" என்றாள் தங்கை.

பக்கத்துப் பந்தல் கடையிலிருந்து பெஞ்சுகள் வந்த பிறகுதான் கூட்டம் தொடர்ந்தது.

இப்போது ஒவ்வொரு உருளை மிஷினுக்கும் இரண்டு ஸ்டூல், இடது நுனிக்கு ஒன்று, வலது நுனிக்கு ஒன்று. சங்கம் பேசி, எழுதி வாங்கியது. ரேடியோ உட்கார்ந்துகொண்டே ஒலிபரப்புகிறாள். தங்கையின் காலில் வீக்கம் வடிந்துவிட்டது. மகள் படிப்பை முடிக்கப் போகிறாள். உட்கார்ந்து மடித்தால் வேலை கெடும் என்று மேனேஜர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூலையும் மூலையும் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அவரும் அளந்து பார்க்கலாம்.